பதினைந்து வயதில் படித்த நூல்

வீட்டு அலுமாரியின் அடித்தட்டில் அட்டை கழன்றும் மூலை மடிந்தும் கிடக்கும் பழைய கதை நூல் ஒன்றைப் பல ஆண்டுகளுக்குப் பின் கையில் எடுப்பவர், அதனைத் திறப்பதற்கு முன் சற்றே தயங்குவதுண்டு. பதினைந்து வயதில் உணவையும் உறக்கத்தையும் மறக்கச் செய்த அக்கதை, இன்று வெறும் பிள்ளை விளையாட்டாகத் தோன்றிவிடுமோ என்னும் அச்சமே அத்தயக்கத்திற்குக் காரணம். சில நூல்களைப் பொறுத்தவரை அவ்வச்சம் நியாயமானதே. இளமையில் மலையாகத் தெரிந்தவை பல பிற்காலத்தில் மடுவாகிவிடுகின்றன. ஆனால் வேறு சில நூல்களும் உள. அவற்றை மீண்டும் திறக்கும்போது கதை சிறுத்துப் போவதில்லை. கதைக்குள்ளே வாசகர் நிற்கும் இடந்தான் மாறிப்போகிறது. முன்பு எவருடைய தோளுக்குப் பின்னால் நின்று அவ்வுலகைப் பார்த்தாரோ, அவரை விட்டு விலகி, அன்று கண்ணிற் படாதிருந்த வேறொருவர் அருகே அவர் போய் நிற்கிறார்.

இளம் பருவத்தினருக்கான புனைகதை என்று ஓர் இனத்தைத் தனியே பிரித்துப் பேசும் வழக்கம் மிகப் பழையதன்று. அமெரிக்க நூலகச் சங்கம் இவ்வயதினருக்கான சேவைகளுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றை அமைத்தது 1957இல் ஆகும். எஸ். ஈ. ஹின்டன் பள்ளியிற் பயிலும் காலத்திலேயே எழுதி, 1967இல் வெளிவந்த 'தி அவுட்சைடர்ஸ்' என்னும் நாவலுக்குப் பின்னரே அவ்வினம் நூற்சந்தையில் உறுதியாகக் காலூன்றியது என்பர். ஆயினும் பெயர் வருமுன்னரே பொருள் இருந்தது. குழந்தைப் பருவத்தைக் கடந்து, முதிர்ந்தோர் உலகின் வாயிற்படியில் நிற்பவர்களுக்கென எழுதப்பட்ட நூல்கள் அதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே வந்துவிட்டன. அவற்றுள் திரும்பத் திரும்பப் படிக்கப்படும் சிறப்புப் பெற்றது 'லிட்டில் விமன்', அதாவது சின்னஞ்சிறு மகளிர் என்னும் நாவல். லூயிஸா மே அல்கொட் என்னும் அமெரிக்கப் பெண் எழுத்தாளர் அதனை 1868இலும் 1869இலும் இரு பாகங்களாக வெளியிட்டார்.

கதையை அறியாத நேயருக்கு அதன் அமைப்பைச் சில வார்த்தைகளிற் சொல்லிவிடலாம். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். புது இங்கிலாந்துப் பகுதியின் சிற்றூர் ஒன்றில் மார்ச் என்னும் குடும்பம் வாழ்கிறது. முன்பு வசதியாக வாழ்ந்து பின்பு நொடித்துப்போன குடும்பம். தந்தை படையினருக்குப் போதகராகப் போர்முனைக்குச் சென்றுவிட்டார். தாயும் நான்கு பெண்மக்களும் பரிசுப் பொருள் எதுவுமற்ற ஒரு நத்தார்ப் பண்டிகையை எதிர்நோக்கியிருக்கிறார்கள். மூத்தவள் மெக்குக்கு வயது 16, ஜோவுக்கு 15, பெத்துக்கு 13, கடைக்குட்டி ஏமிக்கு 12. அயல் மாளிகையில் பாட்டனாருடன் வாழும் லோரி என்னும் இளைஞன் அவர்களுக்குத் தோழனாகிறான். ஜோ எழுத்தாளராக வேண்டுமெனக் கனவு காண்பவள், மரத்திலேறுபவள், வாய்த்துடுக்கு மிக்கவள், ஆணாகப் பிறக்கவில்லையே என்று குறைப்படுபவள். இந்நூலை இளமையிற் படிப்போர் பெரும்பாலும் ஜோவாகவே மாறிவிடுகின்றனர். ஆசிரியர் தம்மையே ஜோவாகப் படைத்தார் என்பது யாவரும் அறிந்ததே.

இந்நாவலின் தொடக்கமே ஒரு மீள்வாசிப்பு என்பதை இளம் வாசகர் கவனிப்பதில்லை. ஜோன் பனியன் 1678இல் எழுதிய மோட்சப் பிரயாணக் கதையை அச்சகோதரிகள் சிறுவயதில் விளையாட்டாக நடித்தவர்கள். நிலவறை நாசபுரி, கூரையின் உச்சி மோட்சபுரி, முதுகில் ஒரு மூட்டை, படிப்படியாக ஏறிச் செல்வது யாத்திரை. அந்த விளையாட்டைத் தாய் நினைவூட்டி, இப்போது அதனை மீண்டும் தொடங்குங்கள், ஆனால் இம்முறை மெய்யாகவே தொடங்குங்கள் என்கிறார். மூட்டை இனித் துணி மூட்டையன்று. அவரவர் குறைகளே மூட்டை. அதிகாரங்கள் பலவற்றின் தலைப்புகளும் பனியனின் கதையிலிருந்தே எடுக்கப்பட்டவை. இதே பனியனின் நூலைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் தமிழ்க் காப்பியத்தை வெளியிட்டார் என்பதால், அந்த மூட்டையும் அந்த யாத்திரையும் தமிழ் வாசகருக்கும் முற்றிலும் புதியனவல்ல. சிறுவயதில் நடித்துப் பார்த்த கதையை வளர்ந்தபின் வாழ்ந்து பார்க்கும்படி மக்களிடம் கேட்கும் ஒரு தாயுடன் நாவல் தொடங்குகிறது. அந்தத் தாயையே இளம் வாசகர் மிக எளிதில் கடந்து போய்விடுகிறார்.

மக்கள் அவரை மார்மி என்று அழைக்கிறார்கள். அன்பின் உருவம், பொறுமையின் இருப்பிடம், மாலையில் வீடு திரும்பித் தணலருகே அமர்ந்து நல்லுரை கூறுபவர். பதினைந்து வயது வாசகருக்கு அவர் ஒரு நாற்காலி போலவும் ஒரு விளக்குப் போலவும் அவ்வீட்டின் தட்டுமுட்டுப் பொருள்களுள் ஒன்றாகவே தோன்றுவார். அவர் பேசத் தொடங்கினால் பக்கத்தைப் புரட்டிவிடத் தோன்றும். அறிவுரையைத் தாண்டினால் அடுத்த விளையாட்டு வரும் என்ற அவசரம் அது.

அவ்வாறு புரட்டப்படும் பக்கங்களுள் முதல் பாகத்தின் எட்டாம் அதிகாரத்தின் இறுதிப் பக்கங்களும் அடங்கும். அவ்வதிகாரத்தில் நடப்பது இது. மெக்கும் ஜோவும் லோரியுடன் நாடகம் பார்க்கப் போகிறார்கள். ஏமி தானும் வருவேன் என்று கெஞ்சுகிறாள். ஜோ கடுமையாக மறுத்துவிடுகிறாள். பழி தீர்ப்பேன் என்று கத்திய ஏமி, அவர்கள் திரும்பி வருமுன் ஜோவின் கையெழுத்து நூலை நெருப்பிலிட்டு எரித்துவிடுகிறாள். ஆறேழு சிறுகதைகள். தந்தை வீடு திரும்புமுன் முடித்துவிட வேண்டுமென்று ஜோ பல ஆண்டுகளாக உழைத்து எழுதியவை. நல்ல பிரதி எழுதி முடித்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் பழைய பிரதியையும் அவள் அழித்திருந்தாள். ஆகவே எரிந்தது எரிந்ததுதான். இனி அது மீளாது.

இளம் வாசகரின் நெஞ்சம் இவ்விடத்தில் கொதிக்கிறது. ஏமியை மன்னிக்கவே மாட்டேன் என்று ஜோ சொல்லும்போது வாசகரும் அதையே சொல்கிறார். அந்நூலை மூடி முப்பது ஆண்டுகள் கழிந்த பின்பும் ஏமியின் பெயரைக் கேட்டவுடன் முகஞ்சுளிப்பவர்கள் உண்டு. மறுநாள் ஜோவும் லோரியும் உறைந்த ஆற்றின்மேல் சறுக்கி விளையாடப் போகிறார்கள். ஏமி பின்னால் ஓடி வருகிறாள். நடுவிலே பனிக்கட்டி மெல்லியது என்று லோரி எச்சரிக்கிறான். அது ஏமியின் காதில் விழவில்லை என்பதை ஜோ அறிந்தும் பேசாதிருந்துவிடுகிறாள். பனி உடைகிறது. ஏமி நீரினுள் வீழ்கிறாள். வேலிக் கட்டை ஒன்றைப் பிடுங்கி வந்து இருவரும் அவளை மீட்கின்றனர்.

அன்றிரவு ஏமி உறங்கியபின் ஜோ தாயின் மடியில் விழுந்து அழுகிறாள். தன் கோபம் ஒருநாள் ஓர் உயிரைக் கொன்றுவிடும் என்று அஞ்சுகிறாள். அதற்குத் தாய் கூறும் மறுமொழிதான் இந்நூலின் உள்ளறைக் கதவு. தமக்கும் அதே கோபம் உண்டு என்கிறார் அவர். நாற்பது ஆண்டுகளாக அதனைத் தீர்க்க முயன்றும் அடக்க மட்டுமே முடிந்தது என்கிறார். ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் தாம் கோபம் கொள்வதாகவும், அதனை வெளிக்காட்டாதிருக்கக் கற்றுக்கொண்டதாகவும், கோபமே எழாதிருக்கக் கற்பதற்கு இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆகலாம் என்றும் மகளிடம் ஒப்புக்கொள்கிறார். ஜோ அப்போது ஒன்றை நினைவுகூர்கிறாள். தாய் சில வேளைகளில் உதடுகளை இறுக மூடிக்கொண்டு அறையைவிட்டு வெளியேறுவதை அவள் கண்டிருக்கிறாள். அது கோபந்தானா என்று கேட்கிறாள். ஆம் என்பதே விடை.

பதினைந்து வயதில் இப்பகுதி ஓர் ஆறுதல் மொழியாகவே காதில் விழும். தாய் மகளைத் தேற்றுகிறார், அவ்வளவே. நாற்பத்தைந்து வயதில் படிப்பவரோ இவ்விடத்தில் நூலைச் சற்றுக் கீழே வைத்துவிடுகிறார். ஒவ்வொரு நாளுமா? எதன்மேல்? எவர்மேல்? தணலருகே அமர்ந்து புன்னகையுடன் கடிதம் வாசித்த அந்தப் பெண்மணி இத்தனை காலமும் எதனை விழுங்கிக்கொண்டிருந்தார்? தம் வீட்டிலும் அவ்வாறு உதட்டை இறுக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விடும் ஒருவர் இருந்தாரே என்ற நினைவும் அப்போது எழக்கூடும். முன்னைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால், அந்தத் தாய் வாய்மூடிய இடங்களெல்லாம் புதிதாகத் தெரிகின்றன. ஏமியின் செயலையும் அவர் வேறுவிதமாகக் காண்கிறார். பன்னிரண்டு வயது என்பது எவ்வளவு சிறிய வயது என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை வளர்த்தவரே அறிவார்.

எதன்மேல் கோபம் என்பதை நாவல் சொல்வதில்லை. இடர்ப்பட்ட நண்பர் ஒருவருக்கு உதவப்போய்த் தந்தை தம் சொத்தை இழந்தார் என்று ஒரே வரியிற் சொல்லி அப்பாற் போய்விடுகிறது. கோபத்தை அடக்கக் கற்றுத் தந்தவரே அத்தந்தைதான் என்றும் தாய் கூறுகிறார். மேலும் அறிய விரும்புபவர் நாவலைவிட்டு அல்கொட் குடும்பத்தின் வரலாற்றுக்குச் செல்ல வேண்டும். நாவலும் வாழ்க்கையும் ஒன்றல்ல என்ற எச்சரிக்கையோடுதான் செல்ல வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

லூயிஸாவின் தந்தை புரொன்சன் அல்கொட் ஒரு கல்விச் சிந்தனையாளர். எமர்சன், தோரோ ஆகியோரின் நண்பர். உயர்ந்த கொள்கைகள் அவரிடம் நிறைய இருந்தன, வருமானந்தான் இருந்ததில்லை. பொஸ்டன் நகரில் 1834இல் அவர் தொடங்கிய புதுமைப் பள்ளி சில ஆண்டுகளில் நலிந்து மறைந்தது. 1843இல் சில நண்பர்களுடன் 'புரூட்லான்ட்ஸ்' என்னும் பண்ணையில் ஒரு கூட்டு வாழ்வை நிறுவினார். அங்கே புலால் இல்லை, பால் இல்லை. அடிமைகளின் உழைப்பில் விளைந்தது என்பதனால் பருத்தி ஆடையும் இல்லை. விலங்குகளை வருத்தலாகாது என்பதனால் ஏரில் மாடு பூட்டவும் முதலில் மறுத்தனர். ஏழு மாதங்களில் எல்லாம் கலைந்தது. அந்த அனுபவத்தை லூயிஸா 1873இல் ஒரு நகைச்சுவைச் சித்திரமாக எழுதினார். தத்துவம் பேசும் ஆடவர் எல்லாரும் வெளியே போயிருந்த வேளையில் புயல் நெருங்க, அறுத்துப் போட்டிருந்த பார்லிக் கதிர்களைத் தாயும் பிள்ளைகளுமாக அள்ளிக் காப்பாற்றிய காட்சி அதில் வருகிறது. சிரித்துக்கொண்டே படிக்கலாம்; ஆனால் அச்சிரிப்பு நெடுநேரம் நீடிப்பதில்லை.

தாய் அபிகேல் பொஸ்டனில் மதிப்புமிக்க மே குடும்பத்திற் பிறந்தவர். கணவர் உரையாடல் நிகழ்த்தச் சென்ற காலங்களில் உறவினரிடம் கடன் கேட்டவரும், தையல் வேலை செய்தவரும், 1840களின் இறுதியில் பொஸ்டனில் ஏழைகளுக்கு உதவும் பணியில் சம்பளத்துக்கு அமர்ந்தவரும் அவரே. மூத்த பெண்மக்களும் சிறுவயதிலேயே உழைக்கச் சென்றனர். லூயிஸா தைத்தார்; பாடஞ் சொல்லிக் கொடுத்தார்; வீட்டு வேலைக்கும் போனார்.

நாவலில் தந்தை போர்முனையில் இருக்கிறார். மெய்வாழ்வில் புரொன்சன் போருக்குச் செல்லவில்லை, சென்றவர் லூயிஸாதான். 1862 டிசம்பரில் வொஷிங்டன் நகரை அடுத்த ஜோர்ஜ்டவுனில் இராணுவ மருத்துவமனையொன்றில் தாதியாகச் சேர்ந்த அவர், சில வாரங்களில் நெருப்புக் காய்ச்சலில் வீழ்ந்தார். பாதரசம் கலந்த மருந்து கொடுக்கப்பட்டது. அதன் பின் அவர் முழு உடல்நலத்தை என்றும் பெறவில்லை. தந்தை சென்று அவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். நாவலில் இது தலைகீழாகிறது. நோயுற்ற தந்தையைப் பார்க்கத் தாய் வொஷிங்டனுக்குப் போகிறார்; வழிச்செலவுக்காக ஜோ தன் நீண்ட கூந்தலை 25 டொலருக்கு விற்கிறாள். மெய்வாழ்வில் லூயிஸாவின் கூந்தலைக் கத்தரித்தது காய்ச்சல். இளமையில் அந்தக் கூந்தல் காட்சியைப் படித்துக் கண்ணீர் விட்டவர், இதனை அறிந்தபின் மீண்டும் படிக்கும்போது, பயனின்றிப் போன ஓர் இழப்பை எழுத்தாளர் கதைக்குள்ளே பயனுள்ளதாக்கிக்கொண்டார் என்று உணர்கிறார்.

பெத்தின் கதையும் அவ்வாறே. லூயிஸாவின் தங்கை எலிசபெத், 1856இல் தாய் உதவி செய்துவந்த ஓர் ஏழைக் குடும்பத்தின் வழியாகச் செங்காய்ச்சல் தொற்றி, உடல் தேறாமலே 1858இல் தமது 22ஆம் வயதில் இறந்தார். நாவலில் அந்த ஏழைக் குழந்தையைப் பார்க்கச் செல்வது பெத் மட்டுமே. தாய் அவ்வேளை தொலைவில் வொஷிங்டனில் இருக்கிறார். தாயை அவ்வீட்டிலிருந்து அப்புறப்படுத்தியது கதையின் தேவை மட்டுந்தானா, மகளின் பரிவுமா என்ற கேள்வி எழாமற் போகாது.

இந்த நூலை எழுத அல்கொட் விரும்பவில்லை என்பது வியப்பான செய்தி. பொஸ்டனிலிருந்த றொபேட்ஸ் பிறதர்ஸ் பதிப்பகத்தின் தோமஸ் நைல்ஸ், சிறுமியருக்கு ஒரு கதை வேண்டும் என்று கேட்டார். தமக்குச் சிறுமியரைப் பற்றித் தெரியாது, தம் சகோதரிகளை மட்டுமே தெரியும் என்ற எண்ணத்துடன் 1868 மே மாதம் அவர் எழுதத் தொடங்கினார். தாயும் சகோதரிகளும் திட்டத்துக்கு உடன்பட்டனர். முதல் அதிகாரங்களைப் பார்த்த நைல்ஸுக்கும் சலிப்பு, எழுதியவருக்கும் சலிப்பு. ஆயினும் சில சிறுமியரிடம் கொடுத்துப் பார்த்தபோது அவர்கள் அதனைக் கொண்டாடினர். முதற்பதிப்பின் 2000 பிரதிகளும் விரைவில் விற்றுத் தீர்ந்தன. முழு உரிமையையும் ஒரே தொகைக்கு விற்றுவிடாமல் விற்பனையில் பங்கு பெறும்படி நைல்ஸ் கூறிய யோசனையே அக்குடும்பத்தின் கடன்களைத் தீர்த்தது. சிறுமியரின் தீர்ப்பு இரு முதியோரின் தீர்ப்பைவிடச் சரியாக இருந்த இந்நிகழ்ச்சியைப் பதிப்பாளர்கள் மறவாதிருத்தல் நன்று.

முதற் பாகம் வெளிவந்ததும் வாசகியரிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. எல்லாரும் கேட்டது ஒன்றே: ஜோ லோரியை மணப்பாளா? அல்கொட் சலிப்படைந்தார். ஜோ மணமாகாத எழுத்தாளராகவே இருந்திருக்க வேண்டும் என்று கடிதமொன்றில் அவர் குறித்திருக்கிறார். திருமணம் இன்றி நூல் வெளிவர இயலாத காலம் அது. எனவே லோரியை ஜோ மறுக்க, அவன் ஏமியை மணக்கிறான். ஜோவுக்கு நடுவயதுடைய ஜேர்மானியப் பேராசிரியர் பாயர் வந்து சேர்கிறார். இளம் வாசகர்களின் ஏமாற்றத்துக்கு அளவில்லை. பிரான்சின் சிந்தனையாளர் சிமோன் த பொவ்வார் 1958இல் வெளியிட்ட தம் இளமை நினைவுகளில், சிறுமியாய் இருந்தபோது ஜோவையே தம் உருவாகக் கொண்டதையும், பின்னர் இரண்டாம் பாகத்தை எதேச்சையாகத் திறந்து லோரி வேறொருத்தியை மணந்த செய்தியைக் கண்டு அதிர்ந்ததையும் எழுதியிருக்கிறார். பிரித்தானியாவில் இரு பாகங்களும் வெவ்வேறு நூல்களாகவே விற்பனையாகி வந்தமையால், முதற் பாகத்தோடு கதை முடிந்தது என்றெண்ணி வளர்ந்தோரும், பெத் பிழைத்துக்கொண்டாள் என்றே நம்பியிருந்தோரும் பலர்.

லோரியை ஜோ மறுக்கும் அதிகாரத்தை முதிர்ந்தபின் படித்தால் அங்கேயும் தாயின் நிழல் தெரிகிறது. இருவரும் முன்கோபிகள், இருவரும் பிடிவாதக்காரர். சேர்ந்து வாழ்ந்தால் துன்பமே என்பது ஜோ கூறும் காரணம். அதற்கு முன்னரே அதே கருத்தைத் தாயும் அவளிடம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு நாளும் கோபத்தை விழுங்கிய ஒருவர் கூறியது என்பதை மறவாமல் அதனைப் படிக்கும்போது, அது கதாநாயகனைத் தட்டிக்கழிக்க ஆசிரியர் கண்ட சாக்காகத் தோன்றுவதில்லை. அனுபவத்தின் கைப்பு அதில் இருக்கிறது.

நூலில் இன்னொரு நெருப்பும் உண்டு. இளமையில் அதனை நினைவில் வைத்திருப்போர் குறைவு. நியூயோர்க் நகரில் தங்கியிருக்கும் ஜோ, பணத்துக்காகக் கொலை, களவு, வஞ்சம் நிறைந்த கதைகளைப் பெயரில்லாமல் ஒரு வார ஏட்டுக்கு எழுதுகிறாள். அத்தகைய ஏடுகள் இளையோருக்கு நஞ்சு என்று பேராசிரியர் பாயர் ஒருநாள் பொதுவாகக் கூறுகிறார். அறைக்குத் திரும்பிய ஜோ தன் கதைகளை மீண்டும் படிக்கிறாள். கிட்டப்பார்வை உடைய பேராசிரியரின் மூக்குக் கண்ணாடியை முன்னொருமுறை அவள் வேடிக்கையாக அணிந்து பார்த்ததுண்டு. இப்போது அவருடைய மனக் கண்ணாடியையும் அணிந்துகொண்டாற்போல எல்லாக் குறைகளும் பெரிதாகத் தெரிகின்றன. முழுக் கட்டையும் அடுப்பினுள் திணிக்கிறாள். புகைபோக்கியே பற்றிக்கொள்ளும் நிலை ஏற்படுகிறது. மூன்று மாத உழைப்பு சாம்பல் மேடாகிறது. அதைப் பார்த்தபடி, மனச்சாட்சி என்று ஒன்று இல்லாதிருந்தால் எவ்வளவு வசதி என்றும் அவள் எண்ணிக்கொள்கிறாள்.

ஏமி எரித்தபோது உலகமே இடிந்தது போல் அழுத வாசகர், ஜோ தானே எரித்தபோது ஏன் அழவில்லை? முதல் நெருப்பு அநீதி என்றும், இரண்டாம் நெருப்பு திருத்தம் என்றும் நூல் கற்பிக்கிறது. இளம் வாசகர் அதனை அப்படியே ஏற்றுக்கொள்கிறார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு கண்டுபிடிப்பு இந்த ஏற்பைக் குலைத்துவிட்டது. லியோனா றொஸ்டன்பேர்க் என்னும் அரிய நூல் வணிகர், பதிப்பாளர் ஒருவர் அல்கொட்டுக்கு எழுதிய கடிதங்களை ஹாவர்ட் பல்கலைக்கழக நூலகத்திற் கண்டு, அல்கொட் 'ஏ. எம். பானாட்' என்ற புனைபெயரில் அதே வகைத் திகிற்கதைகளை எழுதியவர் என்பதை 1943இல் வெளிப்படுத்தினார். அவருடைய தோழி மடலீன் ஸ்டேர்ன் அக்கதைகளுட் சிலவற்றை 1975இல் 'பிஹைன்ட் எ மாஸ்க்' என்ற தொகுதியாக வெளிக்கொணர்ந்தார். தொகுதிக்குப் பெயர் தந்த கதை 1866இல் எழுதப்பட்டது. செல்வக் குடும்பமொன்றில் ஆசிரியையாக நுழையும் பெண் ஒருத்தி, தன் சினத்தையும் சூழ்ச்சியையும் பணிவு என்னும் முகமூடிக்குள் மறைத்து, அவ்வீட்டாரை ஒருவர் பின் ஒருவராக வெல்லும் கதை அது.

ஜோ எரித்தாள், அல்கொட் எரிக்கவில்லை. 'லிட்டில் விமன்' புகழளித்த பின்னரும், 1877இல், அதே இருண்ட பாணியில் ஒரு நாவலைப் பெயர் குறிப்பிடாமல் அவர் வெளியிட்டார். இதனை அறிந்தபின் அந்த அடுப்பங்கரைக் காட்சி பழைய காட்சியாக இருப்பதில்லை. பேராசிரியரின் அறிவுரை சரியென்று கொண்டாலும், அதனை எழுதிய கையின் மற்றொரு பக்கம் வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. தாயின் கோபத்துக்கு உதடு இறுகியது. மகளின் கோபத்துக்குப் புனைபெயர் கிடைத்தது.

மீண்டும் படிப்பவர் கையிலெடுக்கும் நூல், முதலில் வெளிவந்த நூல்தானா என்பதும் ஐயத்துக்குரியதே. றொபேட்ஸ் பிறதர்ஸ் 1880இல் படங்களுடன் வெளியிட்ட பதிப்பில் மொழி பல இடங்களில் மெருகூட்டப்பட்டது. கொச்சைச் சொற்கள் நீக்கப்பட்டன. அழகி என்று சொல்லத்தக்கவர் அல்லர் என்று முதற்பதிப்பில் வந்த பருத்த உடலுடைய தாய், உயர்ந்த தோற்றமும் பெருமித முகமும் கொண்டவராக மாற்றப்பட்டார். நெடுங்காலம் பெரும்பாலான பதிப்புகள் இந்தத் திருந்திய வடிவையே பின்பற்றின. முதல் வடிவை மீட்டுத் தந்தவை பிற்காலத்துப் பதிப்புகள் சிலவே. அந்தப் பருத்த தாயே நம்பத்தகுந்தவர். மழையில் நனைந்து வேலையிலிருந்து திரும்புபவருக்குப் பெருமித முகம் எதற்கு?

திரைப்படங்கள் பல வந்துள்ளன. 1933இலும் 1949இலும் 1994இலும் வந்தவை கதையை அதன் வரிசையிலேயே கூறின. கிரேட்டா கேர்விக் இயக்கி 2019இல் வெளிவந்த படமோ, வளர்ந்துவிட்ட சகோதரிகளிடமிருந்து தொடங்கி, இளமைக் காலத்தை நினைவாக இடையிடையே காட்டுகிறது. முதல் முறை படிப்பவருக்கு அது குழப்பந் தரலாம். முன்பு படித்தவர் நூலை நினைப்பதோ அவ்விதமேயாகும். தாயின் கோபம் பற்றிய உரையாடலும் அப்படத்தில் இடம் பெற்றுள்ளது.

இரண்டாம் பாகத்தின் கடைசி அதிகாரம் ஓர் அப்பிள் தோட்டத்தில் நடக்கிறது. அன்று தாயின் அறுபதாவது பிறந்த நாள். மக்களும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் சூழ்ந்திருக்கிறார்கள். ஜோ இப்போது இரு ஆண்பிள்ளைகளின் தாய். நல்ல நூலொன்றை என்றேனும் எழுதும் நம்பிக்கையைத் தான் இன்னும் கைவிடவில்லை என்று அவள் சொல்கிறாள். முதிர்ந்த வாசகர் இங்கே தம் வயதை எண்ணிப் பார்க்கிறார். ஜோவை அவர் எப்போதோ கடந்துவிட்டார், மார்மியை நெருங்கிக்கொண்டிருக்கிறார்.

அபிகேல் அல்கொட் 1877 நவம்பரில் காலமானார். அவர் நெடுங்காலம் நாட்குறிப்பு எழுதி வந்தவர். ஒவ்வொரு நாளும் எதன்மேல் கோபம் என்ற கேள்விக்கு விடை எங்கேனும் இருந்திருக்குமாயின் அந்த ஏடுகளில் இருந்திருக்கும். அவற்றைப் படித்து, தாயின் விருப்பப்படி அழித்துவிட்டதாக லூயிஸா 1882இல் தம் குறிப்பில் எழுதினார். எல்லாம் அழிந்துவிடவில்லை. எஞ்சிய நாட்குறிப்புப் பகுதிகளும் கடிதங்களும் ஹாவர்ட் பல்கலைக்கழக நூலகத்திலும் வேறிடங்களிலும் கிடந்தன. அவற்றுட் பலவற்றை ஈவ் லாப்லான்ட் என்னும் ஆய்வாளர் தொகுத்து 2012இல் நூலாக வெளியிட்டார். அதன்பின் 'லிட்டில் விமன்' நாவலின் எட்டாம் அதிகாரத்துக்குத் திரும்பிச் செல்பவர், ஏமியின் கட்டிலருகே அமர்ந்து மகளின் கண்ணீரைத் துடைக்கும் அந்தப் பெண்மணி பேச வாயெடுக்கும்போது, முன்போலப் பக்கத்தைப் புரட்டிவிடமாட்டார்.